முந்தானை அட்டையில் ஏழு இதயங்கள்

பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது நான் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். பிப்ரவரி பதினான்காம் தேதி 'அன்பு தினம்' கொண்டாடப் போகிறார்களாம். குழந்தைகள் வீட்டில் கிடக்கும் பழைய பொருட்களை வைத்துத் தங்கள் கையாலேயே இதயம் செய்து, பிடித்தவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டுமாம். கீழே ஏழெட்டுச் சிவப்பு இதயங்கள் வேறு போட்டிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மகள் படிப்பது இரண்டாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்து பொக்கை வாயோடு திரிகிறாள். நான் சேலத்தில் கல்லூரியில் படித்த மூன்று வருடமும் அந்தத் தேதிக்கு என் அம்மா என்னை லீவு போட வைத்தார். இங்கே பள்ளிக்கூடமே கூப்பிட்டு இதயம் கொடுக்கச் சொல்கிறது.

"இதையெல்லாம் ஆருங்க கேக்கறது" என்று தோசைக் கரண்டியும் கையுமாகத் தறி வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊர் ஜலகண்டாபுரம். வீட்டின் பின்பாதி தறி, முன்பாதி நாங்கள். கணவர், நூலைக் குறுக்கே ஓட்டும் நாடாவை விட்டுக் கையை எடுக்காமலே சொன்னார்.

"காயிதத்துல ஹார்ட்டு வெட்டறதுக்கு எதுக்கு இந்தக் குதி குதிக்கற. செஞ்சு குடு. புள்ளைக்கு ஆசையா இருக்குது பாரு."

குதித்தேன்தான். ஆனால் ஆரம்பித்த பிறகு என்னைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பீரோவில் சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் போட்டேன். ரோஸ், சிவப்பு, தங்க நிறம். பட்டு நூல் கழிவுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. இரண்டு நாள் சாயங்காலம் முழுக்க நானும் மகளும் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து வெட்டினோம், ஒட்டினோம். நாடாவுக்குள் வைக்கிற பழைய தார்க் குச்சியில் நூலைச் சுற்றிப் பூச்செண்டு செய்தோம். அவள் கோணலாக வெட்டும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். கத்தரியைப் பிடுங்கி நானே வெட்டுவேன். மூன்றாவது தடவை பிடுங்கியபோது அவள் கத்தரியை விடவில்லை.

"நானே வெட்டறேன். நீ வெட்டுனா அது உன்னுது, என்னுது இல்ல."

சரி, என்னவோ பண்ணு என்று எழுந்து சமையலறைக்குப் போனேன். ஆட்டையாம்பட்டியிலிருந்து என் தங்கை போன் செய்திருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். மகள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"ம்மா, பத்திரிக்கை மடங்கி மடங்கிப் போகுது. தறி ஊட்டுல ஓட்ட ஓட்டையா அட்டை இருக்குதில்ல, அதுல எடுத்துக்கட்டுமா?"

"மூலைல கெடக்கறதுல எடுத்துக்கோ சாமி."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சேலையில் பூவும் மயிலும் தானாக வந்து விழுவதில்லை. தறிக்கு மேலே ஜக்காட் பெட்டி இருக்கிறது. முழ நீளமும் நாலு விரல் அகலமும் உள்ள பழுப்பு அட்டைகளை ஒன்றோடொன்று கயிற்றால் கோத்து அதில் மாட்டியிருப்பார்கள். குறுக்கே ஓடும் ஒரு ஊடை இழைக்கு ஒரு அட்டை. அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில், நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவு நூல் மேலே எழும், இல்லாத இடத்தில் கீழேயே கிடக்கும். அதுதான் டிசைன். உடம்புக்கு ஒரு கட்டு, முந்தானைக்குத் தனிக்கட்டு. உபயோகம் முடிந்த கட்டுகளைத் தறி வீட்டின் மூலையில் போட்டு வைப்பது வழக்கம். நாலைந்து வருடமாக அங்கே சீந்துவாரில்லாமல் கிடந்தவற்றைத்தான் நான் நினைத்துச் சொன்னேன். அன்று காலையில் அவர் அடுத்து மாட்டப் போகும் முந்தானைக் கட்டையும் இறக்கி அதே மூலையில் வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைவிட, நான் போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் சரி.

பதினான்காம் தேதி அவள் துணிப்பை நிறையச் சாமான்களோடு வேனில் ஏறிப் போனாள். நானும் வாசலில் நின்று பெருமையாகக் கை காட்டினேன்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். தறிச் சத்தம் நின்றது. "இங்க வா" என்று கணவர் கூப்பிட்டார். குழம்பில் உப்பு குறைந்தால்கூடத் தெருவுக்கே கேட்கிற குரல் அவருடையது. அன்றைக்கு மெதுவாகக் கூப்பிட்டார். அதிலேயே ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது.

முந்தானைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி ஏழு அட்டைகள் கயிறு அறுந்து தனியாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் இதய வடிவில் ஒரு பெரிய பொக்கை. எலி கடித்த மாதிரி, ஆனால் இதயமாகவே கடித்த மாதிரி.

தறியில் இருந்தது ஒரு கல்யாணப் பெண்ணுக்கான முகூர்த்தச் சேலை. பெண் தானே வந்து பார்த்து, இந்த முந்தானைதான் வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போயிருந்தாள். திங்கட்கிழமை காலை வாங்கிப் போக வருகிறார்கள். புதன்கிழமை கல்யாணம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. புது அட்டை அடித்துக்கொள்ளலாமே என்றால், அந்த டிசைனைப் போட்டவர் போன வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கம்ப்யூட்டரைப் பிள்ளைகள் பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டார்கள். உலகத்திலேயே அந்த முந்தானைக்கு இருந்தது இந்த ஒரே கட்டு. கணவர் இதுவரை எந்தக் கல்யாண வீட்டுக்கும் சொன்ன நாளில் சேலை கொடுக்காமல் இருந்ததில்லை. ஊரில் அவருக்கு இருக்கிற பெயரே அதுதான்.

அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. மகள் ஓடி வந்தாள். நெற்றியில் நட்சத்திர ஸ்டிக்கர். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால்.

"ம்மா, மிஸ்ஸு எனக்கு ஸ்டார்..."

அடித்துவிட்டேன். கன்னத்தில். யோசிக்கவே இல்லை. நட்சத்திரம் பிய்ந்து தரையில் விழுந்தது.

அவள் அழவில்லை. என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"நீதான எடுத்துக்கோன்ன."

கணவர் என் பக்கம் திரும்பினார். "நீயா சொன்ன?"

"மூலைல கெடக்கற பழசைத்தான்..." என்று ஆரம்பித்தேன். மகள் பையைக்கூடக் கழற்றாமல் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். பிள்ளையைப் பெற்றவள் செய்கிற காரியமா இது என்று எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. ஆனாலும் அவள் பின்னால் போகவில்லை. எனக்கு அப்போது அட்டைதான் பெரிதாக இருந்தது.

வெட்டின துண்டுகள் கிடைத்தால் திரும்ப ஒட்டிவிடலாம் என்றார் கணவர். ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் பெட்டிக்கு முக்கியம், அட்டை அழகாக இருக்கிறதா என்பது அல்ல. யார் யாருக்குக் கொடுத்தாள் என்று தெரிய வேண்டும். நான் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. அவர் கேட்டதும் அவர் காதில் மட்டும் சொன்னாள். மிஸ்ஸுக்கு ஒன்று. வேன் மாமாவுக்கு ஒன்று. பக்கத்தில் உட்காரும் சிநேகிதிக்கு ஒன்று. தெருமுனையில் பூ விற்கிற அக்காவுக்கு ஒன்று. எதிர்வீட்டு ஆட்டுக்குட்டிக்கு ஒன்று.

"அப்பறம் அப்பாவுக்கு."

"எனக்கா? எங்க சாமி?"

ஆணியில் மாட்டியிருந்த சட்டையைக் காட்டினாள். காலையிலிருந்து பனியனோடு தறியில் இருந்தவர் அந்தச் சட்டையைத் தொடவே இல்லை. பையில் கையை விட்டார். உள்ளங்கை அளவில் சிவப்பு ஸ்கெட்ச் அடித்த இதயம். ஓட்டைகளின் வழியே பச்சைப் பட்டு நூலைக் கோத்துப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தாள். அவர் அதைத் திருப்பி அந்த முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

"ஆறாச்சு. ஏழாவது?"

"தெரியல" என்றாள்.

மறுநாள் காலை தண்ணியடுப்பைப் பற்றவைத்து, அவசரமாகக் குளித்துவிட்டுக் கிளம்பினேன். கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்கப் போவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சிநேகிதியின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, புள்ளை ஆசையாக் குடுத்ததைப் போயி யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா?"

விவரத்தைச் சொன்ன பிறகுதான் எடுத்துக் கொடுத்தார். பூக்கார அக்கா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மிஸ், தன் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்ததை நகத்தால் நெம்பி எடுத்துத் தந்தார். எதிர்வீட்டில் ஆட்டுக்குட்டியின் கழுத்தில் மகள் கட்டியிருந்தாள். தன் கழுத்தில் இருப்பது அதற்கு எட்டவில்லை, ஆனால் தாயாடு ஒரு ஓரத்தைக் கடித்துவிட்டிருந்தது. நல்ல வேளை, ஓட்டை இல்லாத ஓரம்.

வேன் டிரைவர் தன்னுடையதைக் கண்ணாடிக்குக் கீழே தொங்கவிட்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர். நான் கேட்டதும் மறுபேச்சில்லாமல் அவிழ்த்தார்.

"பாப்பா குடுத்ததுங்க. இத்தன வருசத்துல எனக்கு ஆரும் இந்த மாதிரியெல்லாம் குடுத்ததில்லீங்க. பரவால்லீங்க, தறி நிக்கக்கூடாது, எடுத்துட்டுப் போங்க."

அதை வாங்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர் முழுக்க என் மகள் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறாள். நான் பிடுங்கிக்கொண்டே வருகிறேன்.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து கணவர் ஒட்ட உட்கார்ந்தார். முதலில் நூலை உருவ வேண்டும். மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முடிச்சுகளைத் தன் சின்ன விரலால் அவிழ்த்துக் கொடுத்தாள். ஒவ்வொரு இதயத்தையும் அதன் பொக்கையில் பொருத்தி, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, ஓட்டைகளை ஊசியால் திறந்துவிட்டார். சிவப்பு நிறம் அப்படியே இருந்தது. ஏழாவது அட்டை மட்டும் பொக்கையோடு கிடந்தது.

"ஒண்ணுன்னாச் சமாளிச்சுருவேன். மேல் அட்டையும் கீழ் அட்டையும் பாத்து நானே புதுசாக் குத்திக்கறேன். இந்த ஆறும் கெடைக்காமப் போயிருந்தா என்ற கதை முடிஞ்சிருக்கும்" என்றார். புது அட்டை வாங்கி வர சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஆறு கிடைத்தால் ஏழாவது எங்கே போகும்? மறுபடியும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஆருக்குக் குடுத்த? எங்க போட்ட?"

அவிழ்த்த நூல்களை நிறம் பிரித்து வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அது உனக்குப் பண்ணுனது. ஸ்கூல்ல இருந்து வந்து குடுக்கலாம்னு பையிலயே வெச்சிருந்தேன். நீ அடிச்சீல்ல. கிழிச்சுத் தண்ணியடுப்புல போட்டுட்டேன்."

அன்று காலை தண்ணியடுப்பில் தென்னமட்டையைத் திணிக்கும்போது சாம்பல் மேல் அட்டைத் துண்டுகள் கிடந்தன. நல்லதாயிற்று, சீக்கிரம் பற்றும் என்று நினைத்து அதன்மேல்தான் தீக்குச்சியை வைத்தேன். சிவப்பாக ஏதோ தெரிந்ததுகூட ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எதைத்தான் நான் பார்த்தேன்? மூலையில் என்ன கிடக்கிறது என்று பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறாள் என்று பார்க்கவில்லை. அடுப்பில் என்ன எரிகிறது என்றும் பார்க்கவில்லை.

"அதுலதான் நெறைய ஓட்டை இருந்துச்சு" என்றாள். "எல்லாக் கலர் நூலும் கோத்திருந்தேன்."

நான் தரையில் உட்கார்ந்தேன். "அம்மா உன்னை அடிச்சது தப்பு சாமி. எடுத்துக்கோன்னு சொன்னதே நாந்தான். உன்மேல ஒரு தப்பும் இல்ல."

"செரி" என்றாள், கதவைச் சாத்திவிட்டு வா என்று சொன்னால் சொல்வது போல.

"அம்மாவுக்கு இன்னொன்னு செஞ்சு தர்றியா?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். மூலையைத் திரும்பிப் பார்த்தாள். பழைய கட்டுகள் எல்லாம் அங்கேயேதான் கிடந்தன.

"வேண்டாம்மா. அட்டையத் தொடக்கூடாது."

எடுத்துக்கோ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தறி ஓடியது. தலைக்கு மேலே அட்டைகள் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தன. பழுப்பு, பழுப்பு, பழுப்பு, பிறகு வரிசையாக ஆறு சிவப்பு இதயம், அதற்கடுத்து புது வெள்ளை அட்டை ஒன்று. அவர் கையால் குத்தியது. அந்த அட்டைக்கு இதயம் இல்லை. நான் சோற்றுத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை பெண் வீட்டார் சொன்னபடி வந்தார்கள். முந்தானையை மடியில் விரித்து வைத்துத் தடவிப் பார்த்தார்கள். ஒரு குறையும் சொல்லவில்லை. கல்யாணப் பெண்ணின் தம்பி, என் மகள் வயதுதான் இருக்கும், சேலையை விட்டுவிட்டுத் தறியை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான். கணவர் அவனுக்காக மிதியை மெதுவாக மிதித்துக் காட்டினார். அட்டைகள் நகர்ந்தன.

"அது என்ன ஹார்ட்டு?" என்று கேட்டான்.

என் மகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பலகைமேல் ஏறி நின்று ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"இது மிஸ்ஸுது. இது வேன் மாமாது. இது என்ற பிரண்டோடது. இது பூக்கார அக்காது. இது ஆட்டுக்குட்டியோடது, பாரு, கடிச்சிருக்குது. இது எங்கப்பாது."

வெள்ளை அட்டை வந்தது.

"இதுல ஒண்ணுமே இல்ல" என்றான் அவன்.

"அது எங்கம்மாவுது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லிவிட்டு, பலகையிலிருந்து இறங்கி அவனை ஆட்டுக்குட்டி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள்.