ஆரம்பாக்கத்துப் பெஞ்சு

ஆரம்பாக்கத்தில் ரயில் நிற்கும்போது ரோசம்மாள் பாதித் தூக்கத்தில்தான் இறங்குவாள். கும்மிடிப்பூண்டியில் டப்பா கம்பெனி வேலை. காலை ஷிப்டு முழுக்க வெள்ளை மூடி பொறுக்கிய கண்ணுக்கு, வயலில் நிற்கும் கொக்குகூட மூடியாகத்தான் தெரியும்.

பெஞ்சில் அவள் புருஷன் தாவீது காத்திருப்பான். அவனுக்கு அதே கம்பெனியில் மதிய ஷிப்டு. இவள் வந்த ரயிலுக்கும் அவன் போகிற ரயிலுக்கும் நடுவே இருபது நிமிஷம். ஒரு வருஷமாக அவர்கள் குடும்பம் நடத்தியது அந்த இருபது நிமிஷத்தில்தான்.

வீட்டில் அவன் கட்டிலில், அவள் தரையில். அவன் தின்று எழுந்த பிறகு அவள் சட்டியை வழிப்பாள். ஒரு சொம்புத் தண்ணீரைத் தானாக மொண்டு குடிக்காத ஆள். இருபத்திரண்டு வருஷத்தில் அவளைத் தொட்டதெல்லாம் இருட்டில், அதுவும் அவன் அவசரத்துக்கு. உனக்கு ஆசை இருக்கா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஸ்டேஷனில் மட்டும் என்ன மாயமோ, அவளுக்காகக் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பான். நகர்ந்து இடம் விடுவான். தோளோடு தோள் உரசும். வேப்பங்காற்றில் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். யாரோ புதுசாக ஒருத்தன் பெண் பார்க்க வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அன்றைக்கு அவன் சொன்னான். "ரோசு, எனக்கும் காலை ஷிப்டு தராங்களாம். இன்னா சொல்ற? ஒண்ணா போய்க்கினு ஒண்ணா வந்துக்கினு இருக்கலாம். எனக்கும் சோறு சுடச்சுட கெடைக்கும்."

கனவில் கால் இடறின மாதிரி ஆயிற்று அவளுக்கு.

"வேணாம்."

"இன்னாம்மே வேணாம்? அவனவன் பொண்டாட்டி புருஷன் ஊடு தங்கலேன்னு அழுவறா."

"ஒண்ணா இன்னா ஒண்ணா. ரயில்ல நீ கூட்டாளிங்களோட குந்துவ, நான் லேடீஸ் பெட்டி. ஊட்ல நீ கட்டில்ல மகாராசா, நான் சட்டி வழிக்கிறவ. இங்கதான் நீ எனக்குத் தண்ணி தர. இத்தயும் உட்டுட்டு எனக்கு இன்னா இருக்குது?"

யாரோ தன் கையில் திணித்துவிட்டுப் போனதைப் போல அவன் அந்தப் பாட்டிலைப் பார்த்தான். ரயில் வந்தது. பாட்டிலோடு ஏறிப் போய்விட்டான்.

மறுநாள் மூடி பொறுக்க அவளுக்குக் கை ஓடவில்லை. இறங்கிப் பார்த்தால் பெஞ்சு காலி. அப்படியே நின்றாள்.

"குழாய்ல நூலாட்டம் வருது தண்ணி," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பாதி நிறைந்த பாட்டிலோடு தாவீது.

"ஷிப்டு?"

"வேணாம்னுட்டேன். பொண்டாட்டின்னா பயமான்னு சூப்பர்வைசரு சிரிக்கிறான்."

"நீ இன்னா சொன்ன?"

"ஆமான்னேன்."

அவள் பாட்டிலை வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, நகர்ந்து இடம் விட்டாள்.

"குந்துய்யா."

அவன் போக வேண்டிய ரயில் அன்றைக்குப் பத்து நிமிஷம் லேட்.