வளர்ற பையனுக்குத் தைத்த பேண்ட்

தையல்காரனுக்கு ஒரே துணிக்கு இரண்டு முதலாளிகள்: காசு கொடுக்கிற அப்பா ஒருவர், போட்டுக்கொள்கிற பிள்ளை ஒருவர். பதினேழு வயதுப் பையனை வீட்டில் வைத்துக்கொண்டு, இவனுக்குக் காசின் அருமை தெரியுமா தெரியாதா என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் வாசகர்களே, உங்கள் கஷ்டத்தில் பாதியை நானும் பட்டவன். அறுபதுகளில் கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில், இரண்டு மிஷின் போட்டுக் கடை வைத்திருந்தேன். டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டால் போதும், அப்பா பிள்ளைச் சண்டை தானாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ளும்.

அப்பா எடுத்த அளவு

பெருந்துறைப் பக்கம் தோட்டத்தில் மஞ்சள் போடுகிற ராமசாமி, தம் மகன் நடராஜனைக் காலேஜ் ஹாஸ்டலில் சேர்த்த கையோடு என் கடைக்குக் கூட்டிவந்தார். இரண்டு பேண்டுக்குத் துணி எடுத்திருந்தார். அழுக்குத் தெரியாத சாம்பல் நிறம். ஹாஸ்டல் பையன்களின் அப்பாக்கள் எல்லாரும் அந்தத் துணியைத்தான் எடுப்பார்கள். டேப் என் கையில் இருந்ததே தவிர, அளவு சொன்னவர் அவர்தான். இடுப்பில் நாலு விரல் கூடுதல், தொடையில் அதைவிட எச்சு, கீழே மடித்து வைக்க ஒரு ஜாண். நாலு வருஷத்துக்கு வர வேண்டுமாம். பையன் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நேரம் பார்த்து வாசலில் ஒரு மாணவன் குழாய்ப் பேண்ட் போட்டுக்கொண்டு போனான். அப்போதைய மோஸ்தர் அது. கணுக்காலில் அத்தனை இறுக்கம். பாதத்தில் காகிதத்தைச் சுற்றிக்கொண்டால்தான் கால் உள்ளே நுழையும். ராமசாமி மகன் பக்கம் திரும்பினார். “அப்படியொண்ணை உன் கால்ல பாத்தேன்னா, படிச்சது போதும்னு அன்னைக்கே தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவேன் கண்ணு” என்றார். சத்தமே போடவில்லை. அதனால்தான் அது வெறும் மிரட்டல் இல்லை என்று எனக்குப் பட்டது. இருந்தாலும் இவ்வளவு லூசு வேண்டுமா என்று மெல்ல இழுத்துப் பார்த்தேன். அவர் சொன்னார்: “பையன் வளந்துக்குவானுங்க. துணி வளருமுங்களா?”

பிள்ளை எடுத்த அளவு

தைத்து வாங்கிப் போன மறுநாளே நடராஜன் இரண்டு பேண்டையும் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்றைப் போட்டுக் காட்டினான். கொடியில் காயப்போட்ட மாதிரிதான் இருந்தது, பொய் சொல்வானேன். குழாய் மாதிரி பிடித்துத் தைக்க வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பார்த்துப் பார்த்துத் தைத்த பேண்ட். “உங்கப்பா மஞ்சள் வித்த காசு கண்ணு இது. அதோட அருமை தெரியுமா உனக்கு?” என்று ஒரு பாட்டம் பேசினேன். அவன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்: “தெரியுமுங்ணா. தெரியறதனாலதான் புதுசு எடுக்காம இதையே புடிச்சுக் குடுங்கங்கறேன்.”

அரை பிளேடு

பிடிப்பது என்றால் வெட்டுவது இல்லை. பழைய தையலை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு உள்பக்கமாக இன்னொரு தையல் ஓட்டுவது. மிச்சத் துணி உள்ளே மடிந்து கிடக்கும். வேண்டாம் என்றால் அந்த ஒரு தையலைப் பிரித்தால் போதும், அப்பாவின் பேண்ட் திரும்ப வந்துவிடும். லீவுக்கு ஊருக்குப் போகுமுன் நடராஜன் வந்து பிரித்துக்கொண்டு போவான். லீவு முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் வந்து பிடித்துக்கொள்வான். பிடிக்க ஒரு ரூபாய், பிரிக்க ஒரு ரூபாய்.

விஷயம் ஹாஸ்டலில் பரவியது. தீபாவளி, பொங்கலுக்கு முன்னால் என் சந்தில் சாம்பல் நிற பேண்ட்டுகளோடு வரிசை நிற்கும். எல்லாம் அவன் கூட்டி வந்த கூட்டம். ஒரு நாள் அவன் ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெல்லக் கேட்டான்: “ஏனுங்ணா, புடிக்கறதுக்கு ஒரு ரூவா சரிங்க. நூலும் மிஷினும் ஆகுது. பிரிக்கறதுக்கு அரை பிளேடுதானுங்களே செலவு, எட்டணா பத்தாதுங்களா?”

அன்றிலிருந்து எட்டணா ஆக்கிவிட்டேன். நியாயத்தைப் பேசுகிறவனிடம் என்ன செய்வது? இவனுக்கா காசின் அருமை தெரியாது என்று அன்றைக்கு என்னையே திட்டிக்கொண்டதுதான் மிச்சம். கூலியைக் குறைத்ததற்கு ஈடாக அவனும் ஒன்று சொல்லிவிட்டுப் போனான்: “நாளைக்கு இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வாரேனுங்ணா.”

காரில் வந்த பையன்

காசே தெரியாத பையனையும் பார்த்திருக்கிறேன். ஒரு மில் முதலாளி மகன். காரில் வந்து இறங்கினான். டெரிலின் துணி, அன்றைக்கு அது கிடைப்பதே பெரிய காரியம். கத்திரிக்கோல் வைக்குமுன் இரண்டு தடவை அளந்து பார்த்தேன். கூலி என்ன என்று அவன் கேட்கவில்லை. என்றைக்குத் தயாராகும் என்றும் கேட்கவில்லை. எட்டு மாதம் அந்தப் பேண்ட் என் கடையில் தொங்கியது. கடைசியில் வேறொரு துணியோடு வந்தான். பழையதை எடுத்து நீட்டினேன். அவன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை: “அது இப்ப எனக்குப் பத்தாதுங்க, ஆருக்காச்சும் குடுத்துப்போடுங்க.”

வெட்டிப்போட்டேன்

நடராஜனுக்கு இரண்டாம் வருஷம். பரீட்சைப் பணம் கட்ட மறுநாள் காலை அப்பா நேரில் வருகிறார் என்று கடுதாசி வந்ததாம். இரண்டு பேண்டையும் பிரிக்கக் கொடுத்துவிட்டு, வேட்டியைக் கட்டிக்கொண்டு காலேஜுக்குப் போனான். அதே மேஜையில் இன்னொரு பையனின் பேண்ட்டுகளும் கிடந்தன. அவனுக்கு ஊரில் பயப்பட ஆள் இல்லை. உள்ளே மடிந்த துணி காலில் உறுத்துகிறது, வெட்டி எடுத்துவிடுங்கள் என்றிருந்தான். எல்லாம் ஒரே சாம்பல். பெயர் எழுதிக் குத்திய சீட்டைப் பார்க்காமல் கையில் கிடைத்த இரண்டையும் எடுத்து நறுக்கென்று வெட்டிவிட்டேன். சீட்டைப் பார்த்தபோது நடராஜன் என்று இருந்தது.

சாயங்காலம் அவன் வந்தான். சொன்னேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, “நாளைக்கு மத்தியானப் பஸ்ல நானும் ஊருக்குப் போயிருவேனுங்ணா” என்றான்.  எனக்கு அழுகையே வந்தது. ஒரு பையனின் படிப்பை என் கத்திரிக்கோல் வெட்டிவிட்டதே! நான் வந்து அப்பாவிடம் சொல்கிறேன் என்றேன். சொன்னால் இரண்டு வருஷத்துக் கதையும் வெளியே வரும், வேண்டாம் என்றான். மிஷினுக்குக் கீழே குனிந்து, வெட்டிய பட்டைகளை இரண்டு பேருமாகப் பொறுக்கினோம். அவற்றையே பக்கவாட்டில் வைத்து ஒட்டுப் போட்டு, ஒரு பேண்டைப் பழைய அகலத்துக்குக் கொண்டுவந்தேன்.

அகலம் வந்தது. ஆனால் பேண்ட் இரண்டு வருஷம் துவைத்து வெளுத்திருந்தது; உள்ளே மடிந்து கிடந்த பட்டைக்கு நிறம் போகவில்லை. இடுப்பிலிருந்து பாதம் வரை இரண்டு பக்கமும் கருப்பாகக் கோடு. அவன் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். “ஒரு ஊதுகுழல் மட்டும் வாங்கிக் குடுத்துருங்ணா, கல்யாண ஊர்வலத்துல பேண்டு வாத்தியத்தோட முன்னால போயிக்கறேன்” என்றான்.

சோடா

மறுநாள் மத்தியானம் ராமசாமி கடைக்குள் வந்தார். பின்னால் கோடு போட்ட பேண்ட்டோடு நடராஜன்.  அவர் கையில் புதுத் துணி. மறுபடியும் அதே சாம்பல். “பாருங்க டெய்லரே, பழசை ஒட்டுப்போட்டு உடுத்திட்டிருக்கான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலைங்க. பையனுக்குக் காசோட அருமை தெரிஞ்சுபோச்சுங்க” என்றார். அளவு பழைய மாதிரியே, லூசாக. நடராஜனின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. அவனை ஒரு சோடா வாங்கி வரச் சொல்லி அனுப்பினார்.

அவன் சந்தைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் குனிந்தார். “இந்தத் தடவை உள்ளுக்குள்ள மடிக்கிற துணியை வெட்டிப்போடாதீங்க. லீவுக்கு வாரப்போ பிரிக்கோணுமில்லீங்க” என்றார்.  எப்படித் தெரியும் என்று கேட்டேன். “பிரிச்ச தையலோட ஊசி ஓட்டை, கொடியில காயப்போட்டா வெயில்ல வரிசையாத் தெரியுதுங்களே. ரெண்டு வருசமாத் தெரியுதுங்க.” அப்படியானால் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அப்பன் மனசு நோகக்கூடாதுன்னு ஒவ்வொரு லீவுக்கும் பிரிச்சுப் போட்டுட்டு வாரானுங்க. அதுக்கு அஞ்சு ரூவா குடுத்தாலும் தகுமுங்க.”

காசின் அருமை தெரியாதவன் ஒருவன் அந்தக் கடையில் இருந்தான் என்றால், அப்பனே அஞ்சு ரூபாய்க்கு மதித்த வேலையை இரண்டு வருஷமாகப் பிடிக்கவும் பிரிக்கவும் சேர்த்து ஒன்றரை ரூபாய்க்குச் செய்துகொண்டிருந்த நான்தான்.