சுவரில் எழுத்து இருக்கக் கூடாது

என் கணவரின் தமையனை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில் சொந்த வீடு. அந்த வீட்டு ஹோலில், சோபாவுக்கு நேர் மேலே, தங்கநிறப் பிரேமுக்குள் அவருடைய பட்டம் தொங்கும். சாமிப்படங்கள் குசினி மூலையில் ஒதுங்கியிருக்கும், நடுச்சுவர் பட்டத்துக்குத்தான். புதிதாக யாராவது வந்தால், தேத்தண்ணி வருவதற்கு முன்பே அத்தான் அந்தப் பிரேமை ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பார். வந்தவரும் பார்த்தே ஆகவேண்டும். பார்த்துவிட்டால் போச்சு, எந்தக் கம்பஸ், எத்தனை பேர் எடுபட்டார்கள், எத்தனை பேர் பெயில் என்று தொடங்கிவிடுவார். கடைசியில் என் பக்கம் கையைக் காட்டுவார்.

"இவவும் மட்டக்களப்பில கம்பசுக்குப் போனவதான். முடிக்கேல்லை."

அந்த "முடிக்கேல்லை"யை எத்தனை வீட்டு விருந்தாளிகளுக்கு முன்னால் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பேன், முகத்தில் ஒரு சிரிப்பையும் ஒட்டி வைத்திருப்பேன்.

முடிக்காததற்குக் காரணமே அவர்தான். எங்கள் கல்யாணத்தைப் பேசியவர் அவர். இரண்டாம் வருடத்தில் இருக்கிறாள், படிப்பு முடியட்டும் என்று என் அப்பா தயங்கியபோது, தொலைபேசியில், பிள்ளை இங்கே வந்து மிச்சத்தைப் படிக்கலாம், அதற்கு நான் பொறுப்பு என்றார். அந்தப் பொறுப்பு என்ற சொல்லை நம்பித்தான் அப்பா தலையாட்டினார். வந்து இறங்கிய முதல் குளிர்காலமே படிப்பைப் பற்றிக் கேட்டேன். "பேந்து பாப்பம்" என்றார், பிறகு பார்க்கலாம் என்று. முதலில் பிரெஞ்சு படிக்கவேண்டுமாம். பிறகு பிள்ளை பிறந்தது, பேந்து பாப்பம். பிள்ளை கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்துக்குப் போனது, வாடகை ஏறியது, இரண்டாவது பிள்ளை வந்தது. எல்லாவற்றுக்கும் அதே பேந்து. என் கணவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அண்ணை சொன்னால் அதில் ஏதாவது இருக்கும் என்று நம்புகிற தம்பி. அந்த நம்பிக்கையை உடைக்க என்னால் முடியவில்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "மறுகா மறுகா எண்டா எப்பதான் அத்தான்?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் பேந்துக்கு மறுகா என்றுதான் சொல்லுவோம். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு அதுவே பட்டப்பெயர். பிரெஞ்சு தவிர ஒன்றும் வாயில் வராத அவருடைய பிள்ளைகள்கூட, நான் படியேறும்போது "மறுகா" என்று தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும். பிறந்த ஊரின் ஒரு சொல்லை நான் அவர்களுக்கு முன்னால் விழுங்கப் பழகினேன். அதற்காகவே அவரை நான் மன்னிக்கவில்லை, இன்றைக்கும்.

சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. பெட்டி அடுக்குவதில் தொடங்கி, மருந்து சரியாகப் பொதியப்பட்டதா என்று பதிவுகளைப் பார்க்கும் தரப்பிரிவுக்கு உதவியாளாகப் போயிருந்தேன். அங்கே ஒரு நிரந்தரப் பதவி வெறுமையானது. வேலையில் பாதியை ஏற்கெனவே நான்தான் செய்துகொண்டிருந்தேன், ஆனால் பட்டம் இல்லாதவருக்கு அந்தக் கதிரை கிடையாது. தலைமை நிறுவனம் அமெரிக்காவில். அங்கே அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகம் என்றால் ஒன்லைன் பட்டமும் செல்லும், மாசி முடிவதற்குள் பட்டம் முடித்ததற்கான கடிதத்தைக் கொண்டுவந்தால் உன்னுடையது, இல்லாவிட்டால் வெளியாளை எடுப்போம் என்று மனேச்சர் சொல்லிவிட்டார்.

வழியைக் காட்டியவள் கூட வேலைசெய்த ஒரு பிலிப்பைன்ஸ் பெண். வகுப்பறையில் இருந்து படித்தால்தான் பட்டத்துக்குச் சேரும் கிரெடிட் கிடைக்கும் என்றில்லை. வெளியே மலிவான ஒன்லைன் பாடங்கள் இருக்கின்றன. மாதச் சந்தா ஒன்று கட்டிவிட்டு, அந்த மாதத்துக்குள் எத்தனை பாடத்தை விழுங்க முடியுமோ அத்தனையையும் விழுங்கலாம். சில பாடங்களுக்குப் படிக்கவே தேவையில்லை, தெரிந்ததைச் சோதனையில் காட்டினால் போதும். தொழிற்சாலையில் எடுத்த பயிற்சிக்குக்கூடச் சில கிரெடிட் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரு பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்து, கடைசிப் பாடங்களை மட்டும் அவர்களிடம் முடித்தால் பட்டம். மட்டக்களப்பில் பாதியில் விட்ட என் பாடங்களையும் மதிப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். நான் தொலைத்துவிட்டதாக நினைத்திருந்த வருடங்கள் ஒரு திரையில் வரிசையாக, பக்கத்தில் எண்களோடு நின்றதைப் பார்த்து பஸ்ஸிலேயே அழுதேன்.

இதைக் குறுக்குவழி என்பவர்கள் ஒருதரம் நடந்து பார்க்கட்டும். மெட்ரோவில் நின்றுகொண்டு படித்தேன். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் கரண்டி, மறுகையில் போன். சோறு கொதிக்கும்போது சட்டம், பிள்ளைகள் குளிக்கும்போது புள்ளிவிபரம். மாதச் சந்தா வீணாகக்கூடாது என்று மற்றவர்கள் ஒரு பருவம் முழுக்கப் படிப்பதை நான் கிழமைகளில் முடித்தேன். களைக்கும்போதெல்லாம் அத்தானின் முகத்தை நினைப்பேன். கோப்பியைவிட அது நன்றாக வேலைசெய்தது.

இது அவர் காதுக்கும் போனது. ஒரு பிறந்தநாள் விழாவில், தட்டில் றோல்ஸை வைத்துக்கொண்டு, அதெல்லாம் கடுதாசிப் பட்டம், கடையில் சாமான் வாங்கிற மாதிரி என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார். நான் வெற்றுத் தட்டுகளை அடுக்கினேன். இன்னும் ஒரேயொரு சோதனைதான் மிச்சம் இருந்தது.

அந்தச் சோதனை வீட்டில் இருந்தபடியே எழுதுவது. கமெரா வழியாக எங்கிருந்தோ ஒருவர் கண்காணிப்பார். தொடங்குமுன் லப்டொப்பைத் தூக்கி நாலு சுவரையும் காட்டவேண்டும். மேசையில் ஒன்றும் இருக்கக் கூடாது, அறைக்குள் வேறு மனிதர் இருக்கக் கூடாது, குரல் கேட்கக் கூடாது. பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற எங்கள் பகுதியில், வீட்டுச் சுவரைக் காட்டியபோது, அது என்ன என்று கண்காணிப்பாளர் கேட்டார். தமிழ்க்கடைக் கலண்டர். ராகுகாலம் போட்டிருக்கிறது என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? சுவரில் எழுத்துள்ள எதுவும் இருக்கக் கூடாது, கழற்றுங்கள் என்றார். கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு எழுதத் தொடங்கினேன்.

எங்கள் வீட்டுத் திறப்பு ஒன்று அத்தானிடம் இருந்தது. நாங்கள் குடிவந்த நாளிலேயே வாங்கிவைத்துக்கொண்டார், குடும்பத்துக்குள் என்ன என்று. அவருடைய வீட்டுத் திறப்பு எங்களிடம் இல்லை. மீனும் மரக்கறியும் வாங்க பார்க் எக்ஸ்டென்ஷன் வந்தால், போன் பண்ணாமல் வந்து கதவைத் திறந்து, பைகளை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போவார். நம் ஆட்கள் யார்தான் சொல்லிவிட்டு வருகிறார்கள்? அன்றைக்கு என் கணவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போயிருந்தார். பாதிச் சோதனை போயிருக்கும். பின்னால் மீன் நாற்றம் வந்தது. திரும்பினேன், அத்தான் என் தோளுக்கு மேலால் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்குமுன் கேள்வியை உரத்து வாசித்தார். வாசித்து, விடையையும் சொன்னார்.

அவர் சொன்னது சரியா பிழையா என்று இன்றுவரை தெரியாது. அதற்குள் திரை மூடிவிட்டது. சோதனை நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி மட்டும் நின்றது.

"நான் உதவிதானே செய்தனான்," என்றார் அத்தான். நான் தேத்தண்ணி போட்டுக்கொடுத்தேன். சீனி போட மறந்துபோனேன், அதையும் குறை சொல்லிவிட்டுத்தான் போனார்.

பல்கலைக்கழகத்துக்கு நடந்ததை எழுதி மன்றாடினேன். இன்னொரு தரம் எழுத விட்டார்கள். இந்தமுறையும் யாராவது வந்தால் மூன்றாவது தரம் இல்லை என்று தெளிவாகவே சொன்னார்கள். புதிய திகதி மாசிக் கடைசியில், அதற்குப் பிறகு மனேச்சர் தந்த தவணை முடிய ஒரு கிழமைதான் இருந்தது. அத்தான் அதோடு விட்டிருந்தால் விதி என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் ஒரு சனிக்கிழமை, மரக்கறிக் கடையில் தெரிந்த ஒரு அக்கா என் கையைப் பிடித்து, "கொப்பியடிச்சுப் பிடிபட்டதாம், உண்மையோ?" என்று கேட்டா. யார் சொன்னது என்று கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. வெண்டிக்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டே முடிவெடுத்தேன்.

அடுத்த ஞாயிறு பியர்பொன்ட்ஸ் போனேன். அத்தானின் மனைவிக்கு முன்னால் வைத்தே கேட்டேன். உங்களால்தான் போன சோதனை போனது, ஒருநாளைக்கு ஹோலைத் தாருங்கள், எங்கள் வீட்டில் சத்தம் என்றேன். பேஸ்மென்ட் இருக்கிறதே, அமைதியான இடம் என்றார் அத்தான். கீழே இன்டர்நெட் சரியாக வராதாம் என்று சொன்னேன். பச்சைப் பொய். அவருடைய பிள்ளைகள் நாள்முழுக்க அங்கேதான் கேம் விளையாடுகிறார்கள். பேஸ்மென்டுக்குக் கதவும் இருக்கிறது, வெறும் சுவரும் இருக்கிறது. ஹோலுக்குக் கதவு இல்லை, மாடிப்படி நேரே அதற்குள்தான் இறங்குகிறது. எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு பழிக்காக என் பட்டத்தையே பந்தயம் வைக்கிறேன் என்பதும் தெரியும். அத்தானின் மனைவி என்னை ஒரு கணம் பார்த்தா. பிறகு, "ஹோலை எடும், நாங்கள் எல்லாரும் வெளியில போறம்," என்றா.

சோதனை நாளன்று எல்லாரும் போனார்கள், அத்தானைத் தவிர. தன் வீட்டில் தான் ஏன் போகவேண்டும், மேலே அறையில் சத்தம் போடாமல் இருப்பேன் என்றார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் வற்புறுத்தவில்லை. லப்டொப்பை மேசையில் வைத்து இணைத்தேன். கண்காணிப்பாளர் இந்தமுறை ஒரு இளம்பெண், குரல் மட்டும்தான். சுவர்களைக் காட்டச் சொன்னாள். ஆறுதலாகத் திருப்பினேன். சோபாவுக்கு மேலே வந்ததும் நிறுத்தினேன்.

அது என்ன என்று கேட்டாள்.

நான் கமெராவைப் பிரேமின் மேலேயே பிடித்துக்கொண்டேன். பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. அத்தான் பாதிப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கேள்விக்கு வாழ்நாளில் அவர் பதில் சொல்லாமல் விட்டதே இல்லை. ஆங்கிலத்தில், அது தன்னுடைய பட்டம் என்று தொடங்கி, கம்பஸின் பெயர், பாடம், வகுப்பு என்று இறங்கிவந்தார். நான் கமெராவை அவர் பக்கம் திருப்பினேன். அந்தப் பெண் மரியாதையாகக் குறுக்கிட்டாள். சுவரில் எழுத்து இருக்கக் கூடாது, ஐயா, தயவுசெய்து அதைக் கழற்றுங்கள் என்றாள். மேலே அறையில் இருக்கலாமா என்று கேட்டார். படி திறந்திருக்கிறது, வீட்டுக்குள் யாரும் இருக்கமுடியாது என்றாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கமெராவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சோபாவில் ஏறி, இரண்டு கையாலும் பிரேமைத் தூக்கினார். பின்சுவரில் பெயின்ற் மங்காத ஒரு சதுரமும் ஒரு ஆணியும் தெரிந்தன. பட்டத்தைத் தரையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை, படிப்பு காலில் படக்கூடாது. மேசையில் வைக்கவும் அவள் விடவில்லை. ஜக்கெற்றைப் போட்டு, பூட்ஸைக் கொழுவி, பிரேமைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எனக்குள் எழுந்த சந்தோசத்தை மறைக்கமாட்டேன். பிள்ளைகள் பிறந்தபோதுகூட இவ்வளவு தெளிவாகச் சந்தோசப்பட்டதாக ஞாபகம் இல்லை.

எழுதினேன். இடையிலே ஒருதரம் கண் யன்னல் பக்கம் போனது. முன்வழியில் நின்ற காருக்குள், எஞ்சினைப் போட்டுவிட்டு, மடியில் பட்டத்தை வைத்துக்கொண்டு அத்தான் இருந்தார். கண்ணாடியில் பனி மூடமூட வைப்பர் துடைத்துக்கொண்டிருந்தது. உடனே கண்ணை எடுத்தேன், திரையை விட்டுப் பார்வை போகக் கூடாது.

முடிந்த உடனேயே முடிவு வந்தது. பாஸ். கமெராவின் சிறிய பச்சை வெளிச்சம் அணைந்தது. அந்த ஒரு சொல் அடுத்த கிழமை கடிதமாகி மனேச்சரின் மேசைக்குப் போனது, கதிரை எனக்கு வந்தது. ஆனால் அன்றைக்கு நான் அதையெல்லாம் நினைக்கவில்லை. குசினிக்குள் போய்ப் பால்தேத்தண்ணி ஒன்று போட்டு, அந்த வெறும் சுவருக்குக் கீழே, அத்தானின் சோபாவில் இருந்து, முழுவதும் குடித்து முடித்தேன். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்து கையைக் காட்டினேன்.

அத்தான் பூட்ஸோடு கால்மிதியில் நின்றார். பிரேமில் விழுந்த பனியைக் கைலேஞ்சியால் துடைத்தபடி, "முடிஞ்சுதோ?" என்றார். ஓம் என்றேன். என்ன மாதிரி என்று கேட்டார், பாஸ் என்றேன். நல்லது என்று கதவைப் பார்த்துச் சொன்னார். பூட்ஸைக் கழற்றிச் சோபாப் பக்கம் இரண்டு அடி வந்தவர், மேசையில் லப்டொப் திறந்திருப்பதைக் கண்டு நின்றுவிட்டார். அந்தப் பெண் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தார் போல. குரலைத் தாழ்த்தி, தன் வீட்டில், தன் ஹோலில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்.

"இப்ப மாட்டலாமோ, பிள்ளை?"

"மறுகா பாப்பம், அத்தான்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்து பட்டத்தை மடியில் வைத்துக்கொண்டார். நான் சார்ஜர் வயரை ஆறுதலாகச் சுற்றத் தொடங்கினேன்.