மடத்துச் சைகையும் என் கல்யாணமும்

சாத்தூருக்குக் கிழக்கே வைப்பாற்றங்கரையில் சிஸ்டர்சியன் என்னும் கிறிஸ்தவத் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே கப்பலேறி வந்த வெள்ளைக்காரச் சாமியார்கள் கட்டியது. ஐம்பதுகளில் அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் நம்மூர்க்காரர்கள்தான். கோழி கூவுமுன் ஜெபம், விடிந்தால் மண்வெட்டி, மறுபடி ஜெபம். கறி கிடையாது, பேச்சும் கிடையாது! உப்பு வேண்டுமென்றாலும் கையைத்தான் ஆட்டுவார்கள்.

என் அப்பா அங்கே தோட்ட மேஸ்திரி. நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள், ஆனாலும் அவருக்கு அந்தச் சைகைப் பைத்தியம் பிடித்துவிட்டது. சாப்பிடும்போது வீட்டில் எவரும் வாய் திறக்கக் கூடாது. நெற்றியைத் தொட்டால் தண்ணீர். மூக்கைத் தொட்டால் காரச்சேவு. அது அப்பாவே கண்டுபிடித்தது. "இந்த மனுசனோட மல்லுக்கட்ட முடியல" என்று அம்மா அடுப்படியில் புலம்புவாள். வெளியே வந்தால் அவளும் கையைத்தான் ஆட்டுவாள்.

அறுபதுகளில் விஸ்வநத்தத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடியைக் கொளுத்திச் சோதிக்கும் வேலை. ஜன்னல் வழியே பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. இது தட்டிப்போகக் கூடாதே என்று முருகனை வேண்டிக்கொண்டேன்.

பலகாரத் தட்டை வைத்ததுதான் தாமதம், அப்பா வாயைப் பூட்டிக்கொண்டார். அவர் மூக்கைத் தொட்டார், அம்மா காரச்சேவு வைத்தாள். நெற்றியைத் தொட்டார், நான் தண்ணீர் ஊற்றினேன். மாப்பிள்ளையின் அம்மா திருதிருவென்று முழித்தார்.

"ஏங்க, குடும்பமே ஊமையால்ல இருக்காக! தரகர் சொல்லவே இல்லையே!" என்று தன் கணவரிடம் உரக்கவே சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம்! மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்றபடியே கத்திவிட்டேன். "யாரு ஊமை? நாங்க நல்லாப் பேசுவோம்! எல்லாம் எங்கப்பா மடத்துல கத்துக்கிட்டு வந்த கூத்து. இன்னும் எம்புட்டுப் பேசணும், சொல்லுங்க!"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மாப்பிள்ளை மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயாடி என்று வெறுத்துவிட்டார், எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போது அவர் என் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மூக்கைத் தொட்டார். இன்னும் காரச்சேவு வேண்டுமாம்!

அவர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "மறைக்க நெனச்சோம் தாயி. வெடிச் சத்தத்துல அவனுக்கு ரெண்டு காதும் போயிருச்சு. எங்க போனாலும் ஒண்ணும் புரியாம உக்காந்திருப்பான். இங்கனதான் சிரிச்சிருக்கான்."

அடி ஆத்தி! இவர்களா எங்களை ஊமை என்றது? ஆனால் கோபம் போன இடம் தெரியவில்லை. முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணத்துக்கு மடத்தில் சைகை ஏது? சாமியார்களுக்கு எதற்கு அது! என்னைத் தொட்டுக் காட்டினேன், அவரைக் காட்டினேன், இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

அப்பாதான் துள்ளி எழுந்தார்.

"ஏ புள்ள, வாயத் திறந்து சொல்லு!"