மீன் தராசிலை ஏறின குட்டி

நாய் வளர்க்கிறதெண்டால் நிறை கூட்டுறதுதான் எண்டு நினைக்கிற ஆம்பிளையளைக் கண்டால் எனக்கு இண்டைக்கும் பத்திக்கொண்டு வரும். என்ரை மனிசன் அதிலை முதலாம் ஆள். அவற்றை தமையன் அதுக்கும் மேலை.

ஒரே தாய் போட்ட ரெண்டு அல்சேஷன் குட்டியை அண்ணனும் தம்பியும் ஆளுக்கொண்டாய்த் தூக்கிக்கொண்டு வந்தவை. பெட்டைக்குட்டி பாலையூற்றிலை எங்களோடை. ஆண்குட்டி குச்சவெளியிலை தமையன் வீட்டை. இவருக்கு ஹாபரிலை வேலை. தமையனுக்குக் கடற்கரையிலை மீன் வாடி. வாடி இருந்தால் தராசும் இருக்கும்தானே. மீன் பெட்டி நிறுக்கிற பெரிய மேடைத் தராசு. ஞாயிற்றுக்கிழமையிலை ரெண்டு குட்டியையும் அதிலை ஏத்தி நிறுத்துப் பார்க்கிறதெண்டு ஒரு கூத்தைத் தொடங்கினவை. வலை இழுக்கிற ஆக்கள், ஐஸ் லொறிக்காரர் எல்லாரும் வேலையை விட்டிட்டுச் சுத்தி நிப்பினம். நிறை கூடின குட்டிக்காரர் நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிவார். குறைஞ்சவர் வீட்டை வந்து பெண்சாதியிலை பாய்வார். எங்கடை வீட்டிலை ஒவ்வொரு ஞாயிறும் பாய்ச்சல்தான்.

"அண்ணையின்ரை குட்டி அந்த மாதிரி வளருது. நீர் இதுக்கு ஒழுங்காச் சாப்பாடு போடுறீரோ இல்லையோ?"

போடாமலோ! விடியச் சூரை மீன் தலை அவிச்சுச் சோறு. பிறகு முட்டை. மத்தியானம் கிண்ணியாவிலையிருந்து வாற மாட்டெலும்பு. எங்கடை குசினிக்குள்ளை மாடு சமைக்கிறேல்லை. அதுக்காக முத்தத்திலை கல்லு வைச்சு, அதுக்கெண்டு தனியாய் ஒரு பானை வைச்சு, புகையிலை கண் எரிய எரிய அவிச்சது ஆர்? நான். ராவைக்கு அவர் தன்ரை சாப்பாட்டுக் கோப்பையிலையிருந்து ஊட்டுறது வேறை.

அதுவும் காணாதெண்டு கல்சியம். நான் வீட்டிலை தையல் தைக்கிறனான். சட்டை இளக்க வாற பிள்ளைத்தாச்சியளுக்குக் கிளினிக்கிலை கல்சியம் குளிசையும் சத்துமாவும் குடுக்கிறவை. அந்தக் குளிசை பாதிப்பேருக்கு ஒத்துவராது, ஓங்காளிக்கும். இது இவற்றை காதிலை விழுந்ததுதான் தாமதம். ஒழுங்கை முழுக்க எந்த வீட்டிலை ஆர் பிள்ளைத்தாச்சி எண்டு இவருக்குத்தான் தெரியும். "குடிக்காட்டித் தாருங்கோ தங்கச்சி, நாய்க்கு உதவும்." வெக்கம் கெட்ட கதை! வயித்திலை பிள்ளையோடை இருக்கிறவள் குடிக்கவேண்டியதை வாங்கி நாய்க்கு அரைச்சுப் போட்ட மனிசனை நீங்கள் எங்கையாவது கண்டிருக்கிறியளோ?

குட்டி வளந்தாள்தான். ஏழு மாசத்திலை ஒரு வளந்த நாயின்ரை உசரம். பிறகு ஒருநாள் முன்னங்கால் ஒண்டைத் தூக்கிக்கொண்டு நொண்டினாள். எங்கையோ பாய்ஞ்சிருப்பாள் எண்டு விட்டன். ரெண்டு நாளிலை அது சரி. அடுத்த கிழமை பின்னங்கால். அது மாற, மற்ற முன்னங்கால். முள்ளும் இல்லை, காயமும் இல்லை, வீக்கமும் இல்லை. முந்தி நான் மெஷினை மிதிக்கத் தொடங்கினால் ஓடிவந்து காலடியிலை படுக்கிறவள், இப்ப கூப்பிட்டாலும் எழும்பாமல் படுத்த இடத்திலையிருந்து என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை என்னாலை தாங்க ஏலாமல் இருந்தது.

இவர் கண்டுபிடிச்ச மருந்து என்ன தெரியுமோ? "கல்சியம் காணாது." குளிசையைக் கூட்டினார். தமையன்ரை மனிசி, நான் அக்கா எண்டு கூப்பிடுறது, வந்து பார்த்திட்டு நாவூறு எண்டு சொல்லிக் காலிலை கறுப்புக் கயிறு கட்டிவிட்டா. தங்கடை குட்டியும் அப்பப்ப நொண்டுறதாம், அதுக்கும் கட்டினவவாம். நாவூறுபடாமல் என்ன செய்யும், ஊரைக் கூட்டி வைச்சுத் தராசிலை ஏத்தினால்?

கயிறு கட்டியும் நொண்டல் நிக்கேல்லை, குட்டி சாப்பாட்டையும் விட்டிட்டாள். தைக்கக் கிடந்த சட்டையளை அப்பிடியே போட்டிட்டு, ஓட்டோ பிடிச்சு அவளை மடியிலை வைச்சுக்கொண்டு டவுனுக்குப் போனன். மடியிலை அடங்கினால்தானே! பாதி உடம்பு ஓட்டோக்காரரிலை.

மிருக டொக்டர் ஒரு இளம் பொம்பிளை. கால் மூட்டுகளையெல்லாம் மடக்கிப் பார்த்தா, அவள் சும்மா நிண்டாள். பிறகு முழங்கைக்குக் கீழை நீளமான எலும்பை விரலாலை அமத்தினா. குட்டி ஒரு கத்துக் கத்தினாள். என்ன சாப்பாடு எண்டு கேட்டா. சொன்னன். நான் சொல்லச் சொல்ல அவவின்ரை முகம் மாறிக்கொண்டு போச்சுது.

"அம்மா, பெரிய சாதிக் குட்டியள் மெல்லமாத்தான் வளரவேணும். நீங்கள் பிடிச்சு இழுத்து வளர்க்கிறியள். இந்த எலும்புநோ வளர்ற வயசிலை வாறதுதான், கால் மாறி மாறி வந்து தானாய்ப் போகும். ஆனால் இந்தப் பாரத்தோடையும் இந்தக் கல்சியத்தோடையும் விட்டால் எலும்பே கோணலாய்ப் போகும். பிறகு நடக்கமாட்டாள்."

கல்சியத்தை இண்டையோடை நிப்பாட்டச் சொன்னா. பெரிய சாதிக் குட்டியளுக்கெண்டு விக்கிற தீனை அளந்து, பிரிச்சுப் பிரிச்சுப் போடச் சொன்னா. தடவினால் விலாவெலும்பு கையிலை தட்டுப்படவேணுமாம். நோவுக்குத் தான் தாற மருந்துதான், எங்கடை குளிசை ஒண்டும் குடுக்கப்படாதாம். நோகிற நாளிலை ஓட்டமும் பாய்ச்சலும் வேண்டாமாம். நான் அந்தக் கறுப்புக் கயிறை அங்கையே அறுத்துக் குப்பைக்கூடைக்குள்ளை போட்டிட்டு வந்தனான்.

வீட்டை பெரிய சண்டை. இவர் சொல்லுறார், "வாயில்லாச் சீவனைப் பட்டினி போடப்போறீரோ?" நான் தீன் மூட்டையை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டித் திறப்பை இடுப்பிலை செருகினன். சட்டை தைக்க வந்தவளவை எல்லாம் "ஐயோ அக்கா, பாவம், மெலிஞ்சு போச்சுது" எண்டு உச்சுக்கொட்டுறாளவை. பாவமெண்டால் நோவை வந்து வாங்குங்கோவன்! கயிறு எங்கை எண்டு கேட்டு வந்த அக்காவுக்கும் டொக்டர் சொன்னதைச் சொன்னன், அவ நாவூறுதான் எண்டிட்டுப் போயிட்டா.

நோ குறையத் தொடங்கினது. திரும்பவும் காலடியிலை வந்து படுத்தாள். நல்லாய் வந்தவள் ஒருநாள் திரும்ப நொண்டுறாள். என்னடா இது எண்டு பார்த்தால், இவற்றை சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை முட்டைக்கோது. மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள்ளை ஒரு போத்தில் நிறையக் கல்சியம் குளிசை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போத்திலாலையே எறிஞ்சிருப்பன்.

"சாப்பாடு போட்டால் ஆசை தீருறது உங்களுக்கு. நோகிறது அவளுக்கு. அவள் நடக்கேலாமல் கிடந்தால் ஆர் தூக்குறது, உங்கடை அண்ணையோ?"

இவர் விடேல்லை. "இந்த ஞாயிறு நிறுத்துப் பாப்பம். நிறை அடியிலை போயிருந்தால் உம்மடை டொக்டர் கதையை விட்டிட்டு இனி நான்தான் சாப்பாடு போடுவன்" எண்டார். நிறை அடியிலைதான் போயிருக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ? இவர் சாப்பாடு போட்டால் குட்டியின்ரை அந்தக் கத்தலைத் திரும்பவும் கேக்கவேண்டி வரும். நானும் வாறன் எண்டு ஏறிக்கொண்டு போனன்.

வாடியிலை வழக்கம்போலச் சனம். முதல் எங்கடை பெட்டை. தானாய்ப் பாய்ஞ்சு ஏறினாள். தமையன் தராசு முள்ளைப் பார்த்திட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். "டேய், உன்ரை மனிசி நாயையும் கருவாடாக்கிப் போட்டாள்!" எல்லாரும் சிரிப்பு. இவற்றை முகம் கறுத்துப்போச்சுது. அவளுக்கு என்ன, தராசிலையிருந்து ஒரே பாய்ச்சல், அலைக்குக் கிட்டப் போய் நண்டுப் பொந்தைக் கிண்டிக்கொண்டு நிண்டாள்.

பிறகு மற்றது. ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து தராசிலை வைச்சினம். தமையன் நிறையைச் சத்தம்போட்டுச் சொன்னார். சனம் கைதட்டினது. "சரி ராசா, இறங்கு" எண்டார்.

அது இறங்கேல்லை. வாலை ஆட்டினது. திரும்பக் கூப்பிட்டார். முன்னங்காலை ஊண்டி எழும்பப் பார்த்தது, ரெண்டு காலும் ரெண்டு பக்கமாய் வளைஞ்சு போய் தாடை தகரத்திலை அடிபட விழுந்து கத்தினது. அந்தக் கத்து எனக்குத் தெரிஞ்ச கத்து. அப்பவும் தமையனைப் பார்த்து வாலை ஆட்டுது.

இவர்தான் போய்க் குனிஞ்சு அதைத் தூக்கி மணலிலை மெல்ல வைச்சவர். "நிறுத்தது காணும் அண்ணை" எண்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தவர், திறப்பைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை.

அக்கா எனக்குப் பக்கத்திலை வந்து நிண்டா. கையிலை ஒரு புதுக் கறுப்புக் கயிறு. அதைச் சுருட்டிக்கொண்டு, மற்றவைக்குக் கேக்காமல் கேட்டா. "உன்ரை நாய்க்கு நீ என்ன குடுக்கிறனி?"

"குறைச்சுக் குடுக்கிறனான்" எண்டன்.

அவவுக்குக் கண் கலங்கிப்போச்சுது. எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த ஒரு கேள்வியை, நான் டொக்டர் கதையைச் சொன்ன அண்டைக்கு என்ரை வீட்டிலை நிண்டு கேட்டிருந்தால், அந்தக் குட்டியும் இப்ப அலைக்கரையிலை நண்டு கிண்டிக்கொண்டு நிண்டிருக்கும்.