அக்கா ஏறினால் மட்டும் அழுத வண்டி

பிரேக்குக்கு எண்ணெய் விட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற உறவினர்களில் பாதிப் பேர் எப்படியும் சொல்லத்தான் போகிறார்கள். என் மோட்டார் சைக்கிள் ஓடும்போது 'உய்ங்' என்று ஒரு சத்தம் வந்தது. சத்தம் வந்தால் எண்ணெய் விட வேண்டும் என்பது வரை எனக்குத் தெரியும். எங்கே விடக்கூடாது என்பது தெரியாது. மறுநாள் அக்காவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனவன், ஒரு சவுக்குத் தோப்பின் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போய்த்தான் நின்றேன். அக்கா இறங்கி, சேலையில் மாட்டிய முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு, "இந்த வழியா போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்றார்.

இப்படிப்பட்ட தம்பியை வைத்துக்கொண்டு காலம் தள்ளிய எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது.

செங்கல்பட்டில், ஏரிக்கரைக்குப் பக்கத்துத் தெருவில் அக்கா பிறந்தார். அம்மா போனபோது அவர் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டே படித்து, தாதிப் பயிற்சியும் முடித்து, புதுப்பட்டினம் பக்கத்துக் கடலோரக் குப்பங்களுக்கு அரசாங்க மருத்துவச்சியாகப் போனார். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம், "இவனை யார் பாத்துப்பாங்க?" என்று என்னைக் காட்டுவார். நானும் காட்டும்படியாகத்தான் இருந்தேன்.

எழுபதுகளில் நான் வேலை தேடப் போய், வேலைக்குப் பதிலாக ஒரு மோட்டார் சைக்கிளோடு திரும்பினேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊர் சுற்ற வைத்திருந்தது. இரண்டு பக்கமும் தோல் பை, முன்னால் காற்று மறைக்கும் கண்ணாடி, மாடு மாதிரி உடம்பு. அப்பாவின் சிநேகிதர், தன் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்ததை, "எடுத்துக்கினு போ, எடமாவது காலியாவும்" என்று கொடுத்துவிட்டார். வீடே திட்டியது. அக்கா மட்டும் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார்.

"ஓடுமா?"

"ஓடும்க்கா."

"அப்ப நாளையிலேர்ந்து என்னை டூட்டிக்கு கூட்டிக்கினு போ."

அதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. அந்த நாளில் கடலோரத்துக்குப் பஸ் எப்போதாவது வரும். வந்தாலும் குப்பத்துக்குள் போகாது. மருந்துப் பெட்டி ஒரு பையில், பிரசவச் சாமான் இன்னொரு பையில், நடுவில் அக்கா. திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போவோம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. வேகம் எடுத்தால் கொசு காதில் பாடுவது போல விடாமல் இழுக்கும். எனக்குக் கவலையில்லை. அக்காவுக்கு இருந்தது. குப்பத்தில் காசியம்மா என்ற பெண் நிறைமாதமாக இருந்தார். முன்பு இரண்டு குழந்தைகள் பிறக்கும்போதே போய்விட்டன. இரண்டு தடவையும் உதவிக்கு ஆள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "இந்த வாட்டி நான் இருப்பேன்" என்று அக்கா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"பாதி வழியில சக்கரம் பூட்டிக்கிச்சின்னா அந்தப் பொண்ணுக்கு யாருடா?" என்றார் என்னிடம். "சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு மொதல்ல கண்டுபிடி."

நான் கண்டுபிடித்த அழகைத்தான் முதலில் சொன்னேனே. பிரேக்கைச் சரிசெய்த பிறகு அக்காவே கண்டுபிடிக்க இறங்கினார். ஒரு இறக்கத்தில், "இஞ்சினை நிறுத்து" என்றார். நிறுத்தினேன். வண்டி சும்மா உருண்டது. சத்தம் நிற்கவில்லை. "அப்ப இஞ்சின் இல்ல" என்றார். அடுத்து, தான் இறங்கிக்கொண்டு, "நீ மட்டும் ஒரு சுத்து போயிட்டு வா" என்றார்.

போனேன். வண்டி பூனை மாதிரி ஓடியது. சத்தமே இல்லை.

அக்கா நல்ல வாட்டசாட்டமான ஆள். இந்த மலரின் அட்டைப் படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'நீ ஏறினால்தான் வண்டி அழுகிறது' என்று வளர்த்தவரிடம் எந்த வாயால் சொல்வது? திரும்பி வந்து, "இருக்குக்கா, அப்படியே கீது" என்று புளுகினேன்.

வண்டி செங்கல்பட்டு மெக்கானிக் காதர் பாயிடம் போனது. அவர் ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, கோச்சுக்காத. அக்கா எவ்ளோ கனம் இருப்பாங்க?"

"நீங்களே கேளுங்க பாய்."

"எனக்குப் புள்ளகுட்டி கீதுப்பா" என்றவர், அக்காவிடம் போய் மரியாதையாக, "இஞ்சினைப் பிரிச்சுப் பாக்கணும்மா, ஒரு வாரம் ஆவும்" என்றார்.

இரண்டு ஆண்பிள்ளைகள் நாகரிகம் பார்த்ததில் ஒரு வாரம் வண்டியில்லாமல் போக இருந்தது. காசியம்மாவிடம் அந்த ஒரு வாரம் இல்லை.

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இறக்கத்துல இஞ்சின் நின்னப்புறமும் கத்திச்சே பாய், அப்புறம் எதுக்குப் பிரிக்கிறீங்க?" பாய் தரையைப் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சுத்திட்டு வந்தப்ப நான் ரோட்டுல தானேடா நின்னுகினு இருந்தேன்? எனக்குக் காது இல்லையா?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"என் கனமா?"

அக்கா சிரித்த சிரிப்பில் எதிர்க் கடை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "இதைச் சொல்றதுக்காடா இவ்ளோ பேஜாரு? சரி, என் கனத்துக்கு இங்க யாரு கீறீங்க? ஏறுங்க."

நான் முன்னால் உட்கார, பாய் பின்னால் ஏறினார். அவர் மடியில் ஒரு சிமெண்டு மூட்டையை வைக்கச் சொன்னார் அக்கா. பாய் முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டார். அக்கா பையிலிருந்து குழலை எடுத்தார். கர்ப்பிணி வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிற அலுமினியக் குழல். இரண்டு பேர் வண்டியை மெல்லத் தள்ள, கூடவே குனிந்து நடந்துகொண்டு, சக்கரத்து அச்சில் வைத்துக் கேட்டார். பிறகு முன்பக்கம், செயின் போய்ச் சேருகிற பல்சக்கரத்தின் மூடியில் வைத்தார். கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றோம்.

"இங்கதான் அழுவுது."

செயினை விரலால் அழுத்தினார். அசையவில்லை. தம்புராக் கம்பி மாதிரி நின்றது. எங்களை இறங்கச் சொல்லி மறுபடி அழுத்தினார். அசைந்தது. காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, ஆள் இல்லாதபோது செயினை இறுக்கினால், ஆள் ஏறிப் பின்சக்கரம் அமுங்கும்போது அது இன்னும் இறுகும். கொஞ்சம் தொய்வு விட்டு வைக்க வேண்டும்.

"யாரு இப்படி இறுக்கினது?" என்றார் பாய்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பக்தியோடு இறுக்கியவன் வேறு யாராக இருக்க முடியும்?

அக்காவை உட்காரவைத்தே பாய் செயினைத் தளர்த்தினார். இரண்டாம் நாள் மத்தியானம் காசியம்மாவின் புருஷன் தேசப்பன் யாரோ ஒருவருடைய லாரியில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "வலி எடுத்துகிச்சி" என்பதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை. கடற்கரை வரை வண்டி வாயைத் திறக்கவில்லை. குழந்தை கழுத்தில் கொடி சுற்றித்தான் வந்தது என்று அக்கா பிறகு சொன்னார். அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்குள்ளிருந்து வந்த அழுகையைக் கேட்டுத் தேசப்பன் மணலில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். பெண் குழந்தை.

ஓய்வு பெற்ற பின்னும் அக்காவைத் தேடிக் குப்பத்துப் பெண்கள் வருவது நிற்கவில்லை. கடைசி மாதங்களில் மூச்சு வாங்கியது. படுத்துக்கொண்டே, வந்தவர்களுக்கெல்லாம் எப்போது கஞ்சி கொடுக்கலாம், எப்போது குளிக்கலாம் என்று உத்தரவு போட்டார். ஒரு விடியலில், எங்களுக்குத் தொந்தரவு தராமல் போய்விட்டார்.

முறை வைத்து அக்காவோடு இருந்த அண்டை வீட்டாருக்கும், வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், கேட்பதற்கு முன்பே பந்தலும் நாற்காலியும் கொண்டுவந்து இறக்கிய காதர் பாயின் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. குப்பத்திலிருந்து திரண்டு வந்த பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

காரியத்தன்று காசியம்மா மகளோடும் பேரனோடும் வந்திருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அன்னிக்கு மட்டும் என் வண்டி ஓடலைன்னா இன்னாம்மா ஆயிருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் அக்காவின் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா நடந்தே வந்திருக்கும்."