ஒகேனக்கல் வரை

நேற்று மாலை, வாசலில் நிற்கும் எங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். எனக்கு உடனே ஒன்பது வயதாகிவிட்டது!

அப்பா ஆசையாக வாங்கிய சிவப்புக் கார் அது. அன்று வெயிலில் சூடேறிய ரெக்சின் வாசனைக்குள் உட்கார்ந்து, சாவியே இல்லாமல் ஒகேனக்கல்லுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைசி வளைவில் ‘டக்’! ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டு அசையவில்லை. நைசாக இறங்கி ஓடிவிட்டேன்.

மறுநாள் அப்பா எவ்வளவு முறுக்கியும் சாவி திரும்பவில்லை. ஆடி விருந்துக்கு வரும், அத்தையைக் கட்டிய புது மாப்பிள்ளை மொரப்பூரில் ரயிலிறங்கும் நேரம். அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

“நம்ம வூட்டுக் கதவ இழுத்துப் புடிச்சாத்தான சாவி திரும்புதுங்க? அந்த ஸ்டேரிங்கையும் ஒரு பக்கமா இழுத்துப் புடிங்க” என்றாள் அம்மா.

“கதவும் காரும் ஒண்ணா?” என்று சீறியபடியே அப்பா இழுத்துப் பிடித்தார். சாவி திரும்பியது! கார் புழுதி கிளப்பிப் பறந்தது. பூட்டியது யாரென்று இன்றுவரை நான் சொல்லவில்லை.

நேற்று ஓடிப்போய்ப் பார்த்தேன். என் மகள் நைசாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்ணும் பண்ணலம்மா!”

“எதுவரைக்கும்டி போன?”

“பெங்களூரத் தாண்டிட்டேன்.”

நான் ஒகேனக்கல்லுக்கே போய்ச் சேரவில்லை.